எண்ணிக்கையும் துணையும்: சென்னையின் எஃப்சி முன்கள வீரர்களை ஒப்பிடுவது எப்படி?

சென்னையின் எஃப்சி அணிக்கு எந்த முன்கள வீரர் வந்து சேர்ந்தாலும் அவர் முதல் பந்தை உதைப்பதற்குள் ஒரு தராசு தயாராகிவிடுகிறது. ஒரு தட்டில் 2015இல் ஸ்டீவன் மெண்டோசா அடித்த 13 கோல்களும் 2019-20இல் நெரியுஸ் வால்ஸ்கிஸ் அடித்த 15 கோல்களும் ஏற்றப்படுகின்றன. மறு தட்டில் புதியவர் நிறுத்தப்படுகிறார். 2024-25 சீசனில் முன்களத்தில் ஆடிய கொலம்பியர் வில்மர் ஜோர்டான் கில் இரட்டை இலக்கத்தை எட்டவில்லை. ஆகவே அவர் மெண்டோசாவுக்குக் கீழே என்று தீர்ப்பு வந்துவிட்டது. கோவாவைச் சேர்ந்த இர்ஃபான் யத்வாட் 2023இல் இந்த அணியில் சேர்ந்து இந்திய அணி வரை சென்றவர். அவரையும் ரசிகர்கள் இதே தட்டில்தான் நிறுத்துகிறார்கள். 2014இல் தொடங்கிய இந்த அணியின் வரலாற்றை சீசன் சீசனாகப் பார்த்தால் இந்த ஒப்பீடு நிற்காது. இரண்டு வீரர்களுக்கு இடையே காணப்படும் கோல் வேறுபாட்டைவிட, ஒரே வீரரின் அடுத்தடுத்த இரண்டு சீசன்களுக்கு இடையிலான வேறுபாடு பல சமயங்களில் பெரியதாக இருக்கிறது. ஆளை அளப்பதாக நினைத்துக்கொண்டு நாம் அளப்பது அவரைச் சுற்றி நின்றவர்களை என்பதே இக்கட்டுரையின் வாதம்.

தொடக்கமே இதற்குச் சான்று. இந்தியன் சூப்பர் லீக்கின் முதல் ஆறு சீசன்களில் மூன்று முறை, அதிக கோல் அடித்தவருக்கான தங்கக் காலணி சென்னை வீரருக்குக் கிடைத்தது. அதில் முதலாவதைப் பெற்ற பிரேசில் வீரர் எலானோ புளூமர் முன்கள வீரரே அல்லர். நடுக்களத்தில் நின்று, ஃப்ரீ கிக்கிலும் பெனால்டியிலும் பேர் வாங்கியவர். 2014இல் 11 ஆட்டங்களில் 8 கோல் அடித்தார். அதே அணியில் அதே ஆண்டில் ஆடிய மெண்டோசா அடித்தது 4. அடுத்த ஆண்டு அதே மெண்டோசா 16 ஆட்டங்களில் 13. இரண்டு ஆண்டுகளிலும் பயிற்சியாளர் மார்க்கோ மாட்டரேஸிதான். ஓராண்டில் மெண்டோசாவின் கால்வேகம் மும்மடங்கானது என்று யாரும் சொல்லமாட்டார்கள். மாறியது ஆட்டத்தின் அச்சு. எலானோவின் காலிலிருந்து தொடங்கிய தாக்குதல், 2015இல் மெண்டோசாவின் ஓட்டத்தை நோக்கித் திரும்பியது. அவருக்குப் பக்கத்தில் மிசோரத்தின் ஜெஜே லால்பெக்லுவா நின்று, தானும் 6 கோல் அடித்து, அந்த ஆண்டின் வளரும் வீரர் விருதைப் பெற்றார். எதிரணித் தடுப்பாட்டக்காரர்கள் இருவரையும் கவனிக்க வேண்டியிருந்தது. மெண்டோசாவுக்கு முன்னால் திறந்த வெளியில் பாதி ஜெஜே வாங்கிக் கொடுத்தது.

ஜெஜேயின் கணக்கு இன்னும் தெளிவாகப் பேசுகிறது. சென்னைக்காக லீக்கில் 69 ஆட்டங்களில் 23 கோல் அடித்து, இந்த அணியின் வரலாற்றில் முதலிடத்தில் இருப்பவர் அவர். அணி இரண்டாவது முறையாகப் பட்டம் வென்ற 2017-18இல் அவர் 9 கோல் அடித்தார். கோவா அணிக்கு எதிராகச் சென்னையில் 3-0 என்று வென்ற அரையிறுதியின் இரண்டாவது ஆட்டத்தில் இரண்டு கோல் அவருடையவை. மூன்றாவது வியாசர்பாடியில் வளர்ந்த தனபால் கணேஷ் அடித்தது. மறு சீசனில் ஜெஜே லீக்கில் அடித்தது ஒன்றே ஒன்று. அதே சட்டை, அதே பயிற்சியாளர் ஜான் கிரிகோரி. ஆனால் பின்களத்தைக் கட்டிக் காத்த போர்ச்சுகல் வீரர் ஹென்ரிக் செரெனோ போய்விட்டார், கணேஷ் காயத்தில் வெளியே இருந்தார், பட்டம் வென்ற அணி 9 புள்ளிகளோடு கடைசி இடத்துக்குச் சரிந்தது. 9 கோல் அடித்த ஜெஜேயையும் 1 கோல் அடித்த ஜெஜேயையும் இரு வேறு ஆட்களாக எண்ணி ஒப்பிட்டால், முதலாமவர் இரண்டாமவரைவிட ஒன்பது மடங்கு சிறந்தவர் என்று எழுத வேண்டிவரும். அவருக்கு முழங்கால் தொல்லை இருந்ததே என்று கேட்கலாம். அது அவரை 2019-20 முழுவதும் வெளியே வைத்தது உண்மை. ஆனால் 2018-19இல் வறண்டது அவர் மட்டுமல்ல, மொத்த அணியும்தான்.

வலுவான சான்று வால்ஸ்கிஸிடம் இருக்கிறது. கிட்டத்தட்ட ஆய்வுக்கூடத்தில் நடத்திய சோதனை போலவே அமைந்துவிட்டது. லித்துவேனியாவிலிருந்து வந்த அவர் 2019-20இல் 20 ஆட்டங்களில் 15 கோல் அடித்தார். பிற அணிகளின் ராய் கிருஷ்ணாவும் ஓக்பெச்சேயும் அதே 15இல் நின்றதால், அடுத்த நிலை அளவுகோல்களின்படிதான் தங்கக் காலணி வால்ஸ்கிஸுக்கு வந்தது. அந்த சீசனின் முதல் நான்கு ஆட்டங்களில் சென்னை ஒரு கோலும் அடிக்கவில்லை என்பதை இன்று பலரும் மறந்துவிட்டார்கள். வால்ஸ்கிஸ் அப்போதும் அணியில் இருந்தவர்தான். ஆறு ஆட்டங்களில் 5 புள்ளிகளோடு கிரிகோரி விலகி, ஸ்காட்லாந்தில் பிறந்த ஓவன் காய்ல் வந்தபின், நடுவில் ரஃபேல் கிரிவெல்லாரோ பந்தைப் பிரித்துக் கொடுக்க, ஓரத்தில் லாலியன்சுவாலா சாங்தே ஓட, அதே வால்ஸ்கிஸ் லீக்கின் முன்னணி கோல் வீரரானார். அணி இறுதிப்போட்டி வரை போனது. அடுத்த சீசனில் காய்ல் ஜம்ஷெட்பூர் அணிக்குப் போனார். வால்ஸ்கிஸும் கூடவே போனார். ஆளும் அதே ஆள், பயிற்சியாளரும் அதே பயிற்சியாளர், துணை மட்டும் வேறு. கோல் 15இலிருந்து 8க்கு இறங்கியது. ஒரே ஒரு சான்றை வைத்துக்கொண்டு விதி எழுதலாமா என்றால் கூடாதுதான். ஆனால் மெண்டோசாவின் 4-13, ஜெஜேயின் 9-1, வால்ஸ்கிஸின் 15-8 மூன்றும் ஒரே திசையைக் காட்டும்போது அதைத் தற்செயல் என்று தள்ளிவிட முடியாது.

இங்கே மறுப்பு ஒன்று எழும். மொத்த எண்ணிக்கையை விடுங்கள், ஆட்டத்துக்கு எத்தனை கோல் என்று கணக்கிட்டால் சரியாகிவிடுமே? சீசனின் நீளம் மாறிக்கொண்டே வந்திருப்பதால் இந்தத் திருத்தம் அவசியமானதே. முதல் மூன்று சீசன்களில், அரையிறுதியும் இறுதியும் நீங்கலாக, ஓர் அணிக்கு 14 லீக் ஆட்டங்கள். பிறகு 18, 20, 22 என்று ஏறி 2024-25இல் 24 ஆனது. 14 ஆட்டக் காலத்து 13 கோலையும் 24 ஆட்டக் காலத்து 13 கோலையும் ஒன்றாக வைப்பது பிழை. சராசரி போட்டுப் பார்த்தால் எலானோ 0.73, மெண்டோசா 0.81, வால்ஸ்கிஸ் 0.75. இதே கணக்கில் 2022-23இல் ஆடிய நெதர்லாந்து வீரர் அப்தெனாசர் எல் கயாத்தி 12 ஆட்டங்களில் 9 கோல், அதாவது வால்ஸ்கிஸுக்குச் சரிசமமாக 0.75. ஆனால் பழைய கோல் வீரர்களின் பேச்சு வரும்போது எல் கயாத்தியின் பெயரை எத்தனை பேர் சொல்கிறார்கள்? அவர் ஆடிய அணி எட்டாவது இடத்தில் முடிந்தது, இறுதிப்போட்டி எதுவும் அவர் பெயரோடு ஒட்டவில்லை, அவ்வளவுதான். சராசரி நேரத்தைச் சமன் செய்கிறது, துணையைச் சமன் செய்வதில்லை. நினைவையோ அது தொடுவதே இல்லை.

இரண்டாவது மறுப்பு விதிமுறையைப் பற்றியது. இதற்கு நேர்மையாகப் பதில் சொல்வதானால் என் வாதத்தையே கொஞ்சம் திருத்திக்கொள்ள வேண்டும். ஆட்டவிதி மாறினால் கோல் கணக்கும் மாறும் என்பதற்கு இங்கிலாந்து பழைய சான்று. அங்கே 1925இல் ஆஃப்சைடு விதி தளர்த்தப்பட்டது. முன்னே மூன்று எதிரணியினர் இருக்க வேண்டும் என்பது இரண்டானது. முதல் டிவிஷனில் ஒரு சீசனில் 1,192 ஆக இருந்த கோல்கள் அடுத்த சீசனில் 1,703 ஆயின. எவர்ட்டனின் டிக்ஸி டீன் 1927-28இல் 60 கோல் அடித்தது இந்தப் புது வெளியில்தான். இந்தியன் சூப்பர் லீக்கில் களத்தில் நிற்கும் வெளிநாட்டினரின் எண்ணிக்கை முதலில் ஆறு, 2017-18இல் ஐந்து, 2021-22இல் நான்கு. மெண்டோசா ஐந்து வெளிநாட்டுத் துணையோடு ஆடினார், வில்மருக்குக் கிடைத்தது மூன்றுதான். விஷயம் இத்தோடு முடிந்தது என்று சொல்லத் தோன்றும். ஆனால் முடியவில்லை. நான்கு வெளிநாட்டினர் விதி வந்த 2021-22இல் சென்னை 20 ஆட்டங்களில் அடித்தது 17 கோல். விதி வருவதற்கு முந்தைய சீசனிலும் அதே 20 ஆட்டங்களில் அதே 17. (அவ்விரண்டு சீசன்களும் நோய்த்தொற்றுக் காலத்தில் முழுக்கக் கோவாவிலேயே நடந்தவை, சொந்த மைதானம் என்பதே கிடையாது.) மாறாக, அதே நான்கு பேர் விதியின் கீழ் 2022-23இல் எல் கயாத்தியும் குரோஷியாவின் பீட்டர் ஸ்லிஷ்கோவிச்சும் சேர்ந்து 9, 8 என்று அடித்தார்கள். இருவர் மட்டும் சேர்ந்து 17, முந்தைய ஆண்டு மொத்த அணியும் அடித்த அளவு! விதி வெளியை அமைத்துத் தருகிறது. அந்த வெளிக்குள் யார் யாருக்குப் பந்து கொடுக்கிறார் என்பதுதான் எண்ணிக்கையைத் தீர்மானிக்கிறது.

பட்டம் வேண்டுமென்றால் பெரிய கோல் வீரர் வேண்டும், 2015ஐப் பாருங்கள் என்பது மூன்றாவது மறுப்பு. கோவாவின் ஃபட்டோர்டாவில் நடந்த அந்த இறுதியில் கூடுதல் நிமிடங்களில் வெற்றிக் கோலை அடித்தது மெண்டோசாதான், மறுக்க இடமில்லை. ஆனால் 3-2 என்ற அந்தக் கணக்கில் ஒரு கோல் எதிரணிக் காப்பாளர் கட்டிமணியின் மேல் பட்டு உள்ளே போனது. 2018 மார்ச் 17 அன்று பெங்களூரில், பெங்களூரு அணியை அதே 3-2 கணக்கில் வென்றபோது இரண்டு கோலைத் தலையால் முட்டியவர் பிரேசில் தடுப்பாட்டக்காரர் மைல்சன் ஆல்வெஸ். இரண்டும் கார்னரிலிருந்து வந்தவை. மூன்றாவது நடுக்கள வீரர் ரஃபேல் அகஸ்டோவுடையது. சென்னையின் முன்கள வீரர் எவரும் அன்று கோல் அடிக்கவில்லை. தங்கக் காலணியோடு இறுதிக்கு வந்த 2019-20 அணியோ ஏடிகே அணியிடம் 3-1 என்று தோற்றது. அந்த ஒரு கோல் வால்ஸ்கிஸுடையது.

இர்ஃபான் யத்வாட்டை யாரோடு ஒப்பிடலாம் என்பதற்கு இந்த வரலாறு ஒரு குறிப்பைத் தருகிறது. மெண்டோசாவோடு அல்ல, ஜெஜேயோடு. அந்த ஒப்பீடும் எளிதானதல்ல. ஆறு வெளிநாட்டினர் ஆடிய காலத்தில் ஜெஜே நடு முன்களத்தில் நின்றார். நான்கு பேர் மட்டுமே ஆடும் காலத்தில் இந்தியருக்கு அந்த இடம் இன்னும் அகலமாகத் திறந்திருக்க வேண்டும். நடந்தது நேர்மாறு. இடம் குறையக் குறைய, அணிகள் அந்த நான்கையும் முதுகெலும்பில் செலவிடத் தொடங்கின: பின்களத்தில் ஓரிருவர், நடுவில் ஆட்டம் அமைப்பவர், முன்னே கோல் அடிப்பவர். 17 வயதுக்குட்பட்டோருக்கான 2017 உலகக் கோப்பையில் இந்தியாவுக்கு ஆடிய ரஹீம் அலி சென்னையில் பெரும்பாலும் ஓரத்துக்குத் தள்ளப்பட்டது இப்படித்தான். இர்ஃபானும் பல ஆட்டங்களில் ஓரத்தில் நின்றிருக்கிறார். ஓரத்தில் நிற்பவரின் கோலை நடுவில் நின்றவரின் கோலோடு எண்ணிப் பார்ப்பது, எலானோவின் எட்டையும் மெண்டோசாவின் நான்கையும் வைத்து எலானோ சிறந்த முன்கள வீரர் என்று சொல்வதற்குச் சமம்.

சென்னையிலிருந்து முந்நூறு கிலோமீட்டருக்கும் மேல் தள்ளிக் கீரமங்கலம் போன்ற ஊரில் ஆட்டத்தைத் திரையில் பார்ப்பவருக்கு இந்தச் சிக்கல் இரட்டிப்பாகிறது. கேமரா பந்தின் பின்னால் போகிறது. தடுப்பாட்டக்காரர் இருவரைத் தன் பின்னால் இழுத்துக்கொண்டு போய் இன்னொருவருக்கு வழிவிடும் முன்கள வீரரின் ஓட்டம் சட்டகத்துக்கு வெளியே நடக்கிறது. 2015இல் ஜெஜே செய்த வேலையில் பாதி அப்படிப்பட்டது. அதற்கு எந்தப் பட்டியலிலும் கட்டம் கிடையாது. எனவே இர்ஃபானைப் பற்றி எழுதுபவர், அவர் எத்தனை கோல் அடித்தார் என்பதற்கு முன், எத்தனை ஆட்டத்தில் நடுவில் நிறுத்தப்பட்டார், அவருக்குப் பின்னால் பந்து கொடுக்க யார் இருந்தார், பெனால்டி யாருக்குத் தரப்பட்டது என்ற மூன்றையும் எழுத வேண்டும். ஜெஜேயின் 23 நிற்பதும் விழுவதும் அந்த மூன்று விடைகளைப் பொறுத்தது. அவற்றில் ஒன்றைக்கூட முடிவு செய்யும் அதிகாரம் இர்ஃபானின் கையில் இல்லை.