பராமரிப்பு இல்லங்களும் பொதுநிதியும் (அமெரிக்க ஐக்கிய நாடுகள்)

நம் ஊர்களில் 'நர்ஸிங் ஹோம்' என்றால் பிரசவத்துக்கும் சிறு அறுவைச் சிகிச்சைக்கும் செல்லும் தனியார் ஆஸ்பத்திரி என்றே பொருள் வழங்குகிறது. அமெரிக்காவிலோ அச்சொல், தாமே குளிக்கவும் உடுக்கவும் எழுந்து நடக்கவும் இயலாத முதியோரும் அங்கவீனரும் தாதியர் மேற்பார்வையில் மாதக்கணக்காக, பலர் தம் இறுதி நாள் வரையில், தங்கியிருக்கும் இல்லத்தையே குறிக்கும். இத்தகைய இல்லங்கள் அந்நாட்டில் ஏறக்குறைய 15,000 உள்ளன. அவற்றில் வாழ்வோர் சுமார் 12 லட்சம் பேர். இல்லங்களில் பத்துக்கு ஏழு லாபம் கருதி நடத்தப்படுபவை. ஆயினும் வாசிகளில் பத்துக்கு ஆறு பேருடைய செலவைப் பெரும்பாலும் ஏற்பது, 'மெடிகெய்ட்' எனப்படும் ஏழையர் மருத்துவ உதவித் திட்டமேயாகும். நிர்வாகம் தனியாரிடமும் பணப்பை சர்க்காரிடமும் இருக்கும் இந்த விசித்திரமான ஏற்பாட்டின் மூலத்தை 1935-ஆம் வருஷத்துச் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தில் காணலாம்.

அதற்கு முன்பு கதியற்ற முதியோருக்குப் புகலிடமாக இருந்தவை உள்ளூராட்சிகள் நடத்திவந்த ஏழையர் விடுதிகள். அவற்றின் அவலம் பிரசித்தமாயிருந்தபடியால், அவற்றை ஒழிக்க விரும்பிய சட்டகர்த்தாக்கள், பொது ஸ்தாபனங்களில் வசிப்போருக்கு முதியோர் உதவித்தொகைக்கான மத்திய சர்க்காரின் பங்கு கிடையாது என்று விதித்தனர். விளைவு அவர்கள் எதிர்பார்த்ததன்று. உதவித்தொகையைக் கையில் பெற்ற முதியோர், பிணியாளர்களாகவும் இருந்தமையால், தம் சொந்த வீட்டுக்குத் திரும்பாமல் தனியார் விடுதிகளைத் தேடிச் சென்றனர். விடுதிக்காரர்கள் தாதியரை அமர்த்திக்கொண்டனர். புதியதொரு தொழில் தோன்றிற்று. 1950-இல் செய்த திருத்தம், சிகிச்சை அளிப்போருக்கே சர்க்கார் நேராகப் பணம் செலுத்த வழிசெய்தது. 1954-இல் லாபநோக்கற்ற இல்லங்களுக்கும் பொது இல்லங்களுக்கும் கட்டிட மானியம் கிடைத்தது. 1965 ஜூலை 30 அன்று ஜனாதிபதி ஜான்சன் கையொப்பமிட்ட சட்டத்தால் மெடிகேர், மெடிகெய்ட் ஆகிய இரு திட்டங்களும் பிறந்தன.

இவ்விரண்டையும் குழப்பிக்கொள்வோர் அமெரிக்கரிலேயே பலர். மெடிகேர் முதியோருக்கான காப்பீடு. குறைந்தது மூன்று நாள் ஆஸ்பத்திரியில் படுத்தெழுந்தவருக்கு, தேர்ந்த தாதிப் பணியோ புனர்வாழ்வுச் சிகிச்சையோ தேவைப்பட்டால், அதிக பட்சம் 100 நாள் வரையில் மட்டுமே இல்லச் செலவை ஏற்கும். அதற்கு மேல் தங்குபவர் தம் சேமிப்பைக் கரைக்க வேண்டும். கரைந்து தீர்ந்தபின் மெடிகெய்ட் கைகொடுக்கும். ஆகவே ஏழையருக்கென்று வகுத்த திட்டம், ஆயுள் முழுதும் நடுத்தர வகுப்பாராக வாழ்ந்து கடைசியில் ஏழையானவர்களுக்கும் பெருந்துணையாகிவிட்டது. அப்படிச் சேர்ந்தவர், தம் மாத வருமானத்தில் ஏறக்குறைய முழுவதையும் இல்லத்துக்குக் கட்டிவிட்டு, கைச்செலவுக்கென்று ஒரு சிறு தொகையை மட்டும் நிறுத்திக்கொள்ளலாம். மத்தியச் சட்டம் இதற்கு விதித்த குறைந்த அளவு மாதம் 30 டாலர். 1988 முதல் அது உயர்த்தப்படவில்லை. சில மாநிலங்கள் தாமாக அதிகம் விடுகின்றன. வீட்டில் தங்கிவிட்ட கணவனோ மனைவியோ பிச்சைக்காரராகிவிடாதபடி காக்கும் விதிகளும் 1988-ஆம் வருஷத்துச் சட்டத்தில் வந்தவையே.

செலவை மத்திய சர்க்காரும் மாநிலமும் பங்கிட்டுக்கொள்கின்றன. மாநிலத்தின் தலா வருமானத்தை ஒட்டி மத்தியப் பங்கு நிர்ணயிக்கப்படும். அது 50 சதவிகிதத்துக்குக் குறையாது, 83-ஐ மிஞ்சாது. தினசரிக் கட்டணத்தை வகுப்பது மாநிலம், தகராறெல்லாம் அங்கேதான். 1980-இல் வந்த போரன் திருத்தம், திறமையாக நடத்தப்படும் இல்லத்தின் செலவுக்கு நியாயமாகவும் போதுமானதாகவும் கட்டணம் இருக்க வேண்டும் என்றது. அதை வைத்து இல்லங்கள் வழக்குத் தொடுக்கலாமென்று 1990-இல் உச்ச நீதிமன்றமும் தீர்ப்பளித்தது. வழக்குகளால் நொந்த மாநிலங்களின் வேண்டுகோளுக்கிணங்க, 1997-இல் காங்கிரஸ் அத்திருத்தத்தையே நீக்கிவிட்டது. கட்டணம் குறைந்த இடங்களில், சொந்தப் பணம் கொடுப்போரிடமும் மெடிகேரிடமும் பெறும் அதிக வரும்படியைக் கொண்டு இல்லங்கள் குறையை நிரப்புகின்றன. ஏழையரையே ஏறத்தாழ முழுதும் ஏற்ற இல்லத்துக்கு அந்த வழியுமில்லை. தாதியர் குறைவாகவும் குற்றங்குறைகள் அதிகமாகவும் காணப்படுபவை பெரும்பாலும் இத்தகைய இல்லங்களே என்பது ஆராய்ச்சியாளர் கண்ட உண்மை.

இந்நிலையில் மாநிலங்கள் கண்டுபிடித்த உபாயம் ரசமானது. மாநிலம் இல்லங்களின் மீது ஒரு வரி விதிக்கிறது. அவ்வரியையே மெடிகெய்டில் தன் பங்காகக் காட்டி மத்தியப் பணத்தைப் பெறுகிறது. இரண்டையும் சேர்த்து, உயர்த்திய கட்டணமாக இல்லங்களுக்கே திருப்பிவிடுகிறது. மத்தியப் பங்கு பாதியாக உள்ள மாநிலத்தில் ஒரு டாலர் இரண்டாகவும், முக்காலாக உள்ள மாநிலத்தில் நான்காகவும் வளர்ந்துவிடும். வரி கட்டுகிறவனே வரியை வரவேற்கும் காட்சியை வேறெங்கும் காண்பது அரிது. செல்வரையே சேர்த்துக்கொள்ளும் இல்லம் மட்டும் கட்டியதைத் திரும்பப் பெறாது. அதை மட்டும் விலக்கிவிட்டு மற்றவற்றின் மீது வரி போடும் தந்திரம் தலையெடுக்காதபடி, வரி எல்லோர்மீதும் ஒரே சீராக விழவேண்டுமென்று 1991-ஆம் வருஷத்துச் சட்டம் கட்டுப்பாடு செய்தது. வரவில் 6 சதவிகிதம் வரையிலான வரிக்கு ஆட்சேபமில்லை என்ற வரம்பும் ஏற்பட்டது. 2025-ஆம் வருஷத்துச் சட்டம், மெடிகெய்டை விஸ்தரித்த மாநிலங்களில் ஆஸ்பத்திரி வரியின் வரம்பைப் படிப்படியாக 3.5-ஆகக் குறைத்தபோதும், பராமரிப்பு இல்லங்களின் மீதுள்ள வரிக்கு அக்குறைப்பிலிருந்து விலக்களித்தது. இந்தியானா மாநிலத்தார் இன்னும் ஒரு படி மேலே சென்றனர்: அங்கே மாவட்டப் பொது ஆஸ்பத்திரிகள் தனியார் இல்லங்களின் உரிமத்தைத் தம் பெயருக்கு மாற்றிக்கொண்டு, பொது ஸ்தாபனம் என்ற ஹோதாவில் அதிகப்படியான மத்தியப் பணத்தைப் பெற்று வருகின்றன, அன்றாட நிர்வாகம் பழைய கம்பெனிகளிடமே இருக்கிறது.

இவ்வாறு சேரும் பணம் நோயாளியின் படுக்கையருகே சென்று சேருகிறதா என்பது வேறொரு கேள்வி; இல்லத்தின் சொந்தக்காரரே கட்டிடத்துக்கும் வேறொரு கம்பெனியின் பெயரில் சொந்தக்காரராயிருந்து வாடகை வாங்கிக்கொள்வது சாதாரணமாகிவிட்ட நாட்டில் அக்கேள்வி எழாமலிராது. நியூயார்க் மாநிலம் 2021-இல், வருமானத்தில் 70 சதவிகிதத்தை நேரடிப் பராமரிப்புக்கும், அதில் அடங்கிய 40 சதவிகிதத்தை நோயாளிகளைக் கவனிக்கும் ஊழியருக்கும் செலவிட வேண்டுமென்று சட்டம் செய்தது. மத்திய சர்க்கார் 2024-இல் ஒவ்வொரு நோயாளிக்கும் நாளொன்றுக்கு 3.48 மணிநேரத் தாதிப் பணி தேவையென்று விதி வகுத்தது. அதன் அமுலை 2025-ஆம் வருஷத்துச் சட்டம் 2034 வரையில் தள்ளிவைத்தது.

இல்லப் பராமரிப்பு மெடிகெய்டில் மாநிலங்களுக்குக் கட்டாயக் கடமை. முதியோரை அவரவர் வீட்டிலேயே வைத்துக் கவனிக்கும் சேவைகளில் பெரும்பாலானவை, 1981 முதல் விசேஷ அனுமதிகளின் பேரில் வளர்ந்தபோதிலும், மாநிலங்களின் விருப்பத்துக்கு உட்பட்டவை. நீண்டகாலப் பராமரிப்புக்கான மெடிகெய்ட் செலவில் வீட்டுச் சேவையின் பங்கு 2013-இல் இல்லங்களின் பங்கை முந்திவிட்டது. எனினும் இல்லத்துக்குத் தகுதி பெற்றவரின் செலவை மாநிலம் மறுக்க இயலாது. வீட்டுச் சேவை வேண்டுவோரையோ பல மாநிலங்கள் பெயர் எழுதிவைத்துக் காத்திருக்கச் சொல்கின்றன.