24 வயது வரை, 24 வயதுக்குள்

முதலாம் எலிசபெத் அரசியின் ஆட்சிக் காலத்தில், 1563ஆம் ஆண்டில், இங்கிலாந்து நாடாளுமன்றம் கைவினைஞர் சட்டம் என்ற ஒன்றை இயற்றியது. ஒரு தொழிலைச் செய்து பிழைக்க விரும்புகிறவன் குறைந்தது ஏழு ஆண்டுகள் ஓர் ஆசானிடம் அப்ரண்டிஸாக இருந்திருக்க வேண்டும் என்பது அதன் முக்கிய விதி. நகரங்களில் அந்தப் பயிற்சி அவனுக்கு 24 வயது நிறைவதற்கு முன் முடியக் கூடாது என்பது அதை ஒட்டிய இன்னொரு விதி. நானூற்று முப்பது ஆண்டுகள் கழித்து, 1994இல், பிரிட்டிஷ் அரசு ‘நவீன அப்ரண்டிஸ்’ திட்டத்தைத் தொடங்கியபோது அதில் 16 முதல் 24 வயது வரை உள்ளவர்களே சேர முடிந்தது. வெளியே வருவதற்கான மிகக் குறைந்த வயதாக இருந்த எண், உள்ளே நுழைவதற்கான கடைசி வயதாகிவிட்டது. இந்த இடமாற்றத்துக்குப் பின்னால் உள்ள கதையைச் சற்று விரித்துப் பார்க்கலாம்.

முதலில், ஏன் 24? தச்சு வேலையோ தையல் வேலையோ அந்த வயதில்தான் கைகூடும் என்று எவரும் நம்பியதாகத் தெரியவில்லை. 1556இல் லண்டன் நகர மன்றம் இதே வயதை விதித்தபோது சொன்ன காரணம் வேறு: இளைஞர்கள் அவசரப்பட்டு மணம் முடித்துக்கொள்கிறார்கள், அவசரப்பட்டுத் தனிக்குடித்தனம் வைக்கிறார்கள், அதனால் நகரில் வறுமை பெருகுகிறது. ஆக அப்ரண்டிஸ் முறை தொழிலைக் கற்பித்தது. கூடவே இளைஞனை வேறொருவர் வீட்டுக் கூரைக்கடியில் அடக்கியும் வைத்தது. ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவன் மணம் செய்துகொள்ளக் கூடாது, சூதாடக் கூடாது, மதுக்கடைப் பக்கம் போகக் கூடாது. உணவும் உடையும் படுக்கையும் ஆசான் தருவார். கூலி என்று பெரும்பாலும் எதுவும் கிடையாது. அதற்கும் மேலாக, சேரும்போது தந்தை ஆசானுக்கு ஒரு தொகை கட்ட வேண்டும். அரசு அந்தத் தொகையின் மீதும் 1710 முதல் வரி விதித்தது என்றால் அதில் புழங்கிய பணத்தை நாம் ஊகித்துக்கொள்ளலாம்.

இந்த ஏற்பாட்டில் முப்பது வயதுக்காரனுக்கு இடம் எங்கே? ‘முதியோருக்கு அனுமதி இல்லை’ என்று பலகை மாட்ட வேண்டிய தேவையே எழவில்லை. மனைவி மக்கள் உள்ளவன் ஏழு ஆண்டுகள் கூலியின்றி, பிரம்மச்சாரியாக, இன்னொருவர் வீட்டில் எப்படி இருப்பான்? வயதைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாமல் வயதானவனை விலக்கும் இந்த வித்தையை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. பின்னால் மறுபடியும் சந்திக்கப் போகிறோம்.

உள்ளே இருந்தவர்களின் நிலையும் உவப்பானதாக இல்லை. பெஞ்சமின் பிராங்க்ளின் 12 வயதில் தன் அண்ணன் ஜேம்ஸின் அச்சகத்தில் 21 வயது வரைக்குமாக ஒப்பந்தம் செய்யப்பட்டவர். கடைசி ஓராண்டுக்கு மட்டுமே தொழிலாளிக்குரிய கூலி. 1723இல், 17 வயதில், அவர் பாஸ்டனை விட்டு ஓடிப் போனார். அண்ணனாகவே இருந்தாலும் ஆசான் ஆசான்தான், அடியும் அடிதான்.

ஏழைகளின் கதை தலைகீழானது. 1601ஆம் ஆண்டின் ஏழைகள் சட்டப்படி, வறிய குடும்பத்துப் பிள்ளைகளை ஊர்த் திருச்சபை வட்டமே யாரிடமாவது அப்ரண்டிஸாகக் கட்டிவைக்கலாம்: ஆண் பிள்ளை 24 வயது வரை, பெண் பிள்ளை 21 வயது அல்லது திருமணம் வரை. ஆண்களுக்கான வயது 21ஆகக் குறைய 1778 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இங்கே பணம் எதிர்த்திசையில் பாய்ந்தது. பிள்ளையைத் தள்ளிவிட வட்டமே ஆசானுக்குப் பணம் கொடுத்தது. டிக்கன்ஸின் ‘ஆலிவர் ட்விஸ்ட்’ படித்தவர்களுக்கு அந்தப் பேரம் மறந்திருக்காது. சிறுவனை எடுத்துக்கொள்பவருக்கு ஐந்து பவுண்டு என்று அறிவிப்பு ஒட்டுகிறார்கள். புகைபோக்கி துடைக்கும் காம்ஃபீல்டு வருகிறான். அந்தத் தொழிலின் ஆபத்தைக் காட்டி அதிகாரிகள் தொகையைக் குறைக்கிறார்கள். ஆபத்து அதிகம் என்பதால் விலை குறைவு என்ற இந்தக் கணக்கை டிக்கன்ஸைத் தவிர வேறு யாரால் இத்தனை சிரிப்போடு எழுதியிருக்க முடியும்!

புகைபோக்கித் தொழிலில் வயது என்பது உடலின் அகலம். ஒடுங்கிய புகைக்குழாயில் ஏற எவ்வளவு சிறிய பிள்ளையோ அவ்வளவு நல்லது. எட்டு வயதுக்குக் கீழ் அப்ரண்டிஸாக எடுக்கக் கூடாது என்று 1788இல் ஒரு சட்டம் வந்தது, 1834இல் அது பத்தாயிற்று, 1840இல் பதினாறாயிற்று. மீறுவோரை உண்மையிலேயே தடுக்கும் வலிமை 1875இன் சட்டத்துக்குத்தான் வந்தது. வளர்ந்துவிட்ட பையனுக்கு அங்கே வேலை இல்லை. பத்துப் பன்னிரண்டு வயதில் ‘வயதாகிவிட்டது’ என்று கழிக்கப்பட்டவர்கள் உலகத்தில் வேறெங்கும் இருந்தார்களோ என்னவோ.

வயது ஒரு தடையாகவே இல்லாத அப்ரண்டிஸ் முறை ஒன்றும் வரலாற்றில் உண்டு. 1833ஆம் ஆண்டின் அடிமை ஒழிப்புச் சட்டம் பிரிட்டிஷ் காலனிகளில் ஆறு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளை மட்டும் உடனே விடுவித்தது. மற்ற அனைவரும், கரும்புத் தோட்டத்தில் நாற்பது ஆண்டுகள் வெட்டிய கிழவன் உட்பட, பழைய எசமானர்களிடமே ‘அப்ரண்டிஸ்’ ஆக்கப்பட்டார்கள். மேற்கிந்தியத் தீவுகளில் அது 1838இல் முடிந்தது. மொரீஷியஸில் அடுத்த ஆண்டு முடிவதற்கு முன்பே, அவர்கள் இடத்தை நிரப்ப நம்மவர்கள் கப்பலேற்றப்பட்டுவிட்டார்கள். அவர்கள் கைநாட்டு வைத்த ஒப்பந்தத்துக்கும் அப்ரண்டிஸ் ஒப்பந்தத்துக்கும் ஆங்கிலத்தில் ஒரே பெயர்: இண்டென்ச்சர். ஒரே தாளில் இருமுறை எழுதி, நடுவில் பல் பல்லாக வெட்டி, ஆளுக்குப் பாதியாக வைத்துக்கொண்ட பழைய வழக்கத்திலிருந்து வந்த சொல் அது.

ஆடம் ஸ்மித் 1776இலேயே ஏழாண்டு விதியைக் கேலி செய்திருந்தார். கடிகாரம் செய்யும் முறையைக்கூடச் சில வாரங்களில் விளக்கிவிடலாம் என்பது அவர் கட்சி. 1814இல் அந்த விதி நீக்கப்பட்டது. அதை நீக்க வேண்டாமென்று மன்றாடியவர்கள் தொழிலாளர்களே. கதவு குறுகலாக இருந்தால்தான் உள்ளே இருப்பவனுக்குக் கூலி நிற்கும். அதே தர்க்கத்தைத் தொழிற்சங்கங்கள் பின்னர் கையில் எடுத்தன. இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் பிரிட்டிஷ் பொறியியல் பட்டறைகளில் பயிற்சி 21ஆம் பிறந்தநாளோடு முடியும் என்பது வழக்கம். ஐந்தாண்டுப் பயிற்சியை 21க்குள் முடிக்க வேண்டுமென்றால் 16இல் நுழைந்தாக வேண்டும். அந்த ஓராண்டைத் தவறவிட்டவன் வாழ்நாள் முழுக்க உதவியாள். போர்க்காலத்தில் குறுகிய பயிற்சியோடு பட்டறைக்குள் வந்த பெரியவர்களையும் பெண்களையும், ‘தண்ணீர் கலந்தவர்கள்’ என்ற பொருள்படும் சொல்லால் பழைய தொழிலாளர்கள் அழைத்தார்கள். இந்தப் பெயரில் உள்ள இளக்காரத்தை விளக்கத் தேவையில்லை.

1994இன் வரம்பு 2004இல் இங்கிலாந்தில் தளர்த்தப்பட்டது. 2006 அக்டோபரில் வேலையில் வயதுப் பாகுபாட்டைத் தடைசெய்யும் விதிமுறைகள் நடைமுறைக்கு வந்தன. 2010இன் சமத்துவச் சட்டம் அவற்றைத் தன்னுள் சேர்த்துக்கொண்டது. இனி ஐம்பது வயதுக்காரரும் விண்ணப்பிக்கலாம். ஆனால் அரசின் பயிற்சி நிதி 16 முதல் 18 வயதினருக்குத் தாராளமாகவும், மூத்தவர்களுக்குக் கையை இறுக்கியும் கிடைத்துவந்தது. முதலாளிக்கு யாரை எடுப்பது லாபம் என்று கணக்குப் போடத் தெரியாதா? அடுத்தது கூலி. 19 வயதைக் கடந்தவர் முதல் ஆண்டில் அப்ரண்டிஸுக்கான குறைந்த கூலியையே பெற முடியும் என்பது விதி. 2025 ஏப்ரலில் அது மணிக்கு 7.55 பவுண்டு, 21 வயது கடந்த மற்ற தொழிலாளிக்கு 12.21. வாடகையும் பிள்ளைகளும் உள்ளவரை விலக்க இந்த இடைவெளி போதும். எலிசபெத் காலத்தின் மணவிலக்கு, வேறு உடுப்பில் திரும்பி வந்திருக்கிறது. போதாததற்கு, முதுகலைப் படிப்புக்கு நிகரான ஏழாம் நிலைப் பயிற்சிக்கான அரசு நிதியை 2026 ஜனவரி முதல், சில விலக்குகள் தவிர, 21 வயது வரை உள்ளவர்களுக்கு மட்டும் என்று மறுபடியும் சுருக்கிவிட்டார்கள்.

நம் நாட்டுக்கு இம்முறை வந்தது கம்பெனி ஆட்சியில், 1850ஆம் ஆண்டின் சட்டத்தின் வழியாக. அனாதைகளையும் ஏழைப் பிள்ளைகளையும் முதன்மையாக மனத்தில் வைத்து எழுதப்பட்ட அது, பத்து வயதுக்கு மேல் பதினெட்டுக்குக் கீழ் உள்ள பிள்ளையை ஏழாண்டுக்கு மிகாமல் கட்டிவைக்க அனுமதித்தது. எலிசபெத்தின் ஏழு, எங்கெல்லாம் பயணம் செய்திருக்கிறது! சுதந்திர இந்தியாவின் 1961ஆம் ஆண்டு அப்ரண்டிஸ் சட்டம் 14 என்ற கீழ்வரம்பை வைத்தது. மேல்வரம்பைச் சொல்பவை விண்ணப்ப அறிவிப்புகள். பெரம்பூர், பொன்மலைப் பணிமனைகளுக்குத் தெற்கு ரயில்வே ஆள் கேட்கும்போது ஐடிஐ முடித்தவர்களுக்கு அது 24ஆக இருந்துவந்திருக்கிறது. பிற்படுத்தப்பட்டோருக்கு மூன்று ஆண்டுகளும் பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கு ஐந்து ஆண்டுகளும் மாற்றுத் திறனாளிகளுக்குப் பத்து ஆண்டுகளும் தளர்வு உண்டு. வீட்டுக்குச் சோறு போடுவதற்காகப் படிப்பைத் தள்ளிவைத்து, பிறகு ஐடிஐக்குப் போய்த் தேறி வந்தவர் என்றொரு பிரிவு அந்தப் பட்டியலில் இல்லை.