பொட்டும் பதிவேடும்: திருச்சானூர் வட்டாரத்திலிருந்து ஒரு வரலாற்றுக் குறிப்பு

குழந்தைக் கடத்தல் என்றவுடன் நம் மனத்தில் எழும் சித்திரம் பெரும்பாலும் ஒன்றே: நெரிசல் மிகுந்த இரயில் நிலையம், தின்பண்டம் நீட்டும் அந்நியன், கைப்பிடி நழுவிய குழந்தை. ஆண்டு முழுவதும் யாத்திரிகர் திரளும் திருப்பதி, திருச்சானூர் போன்ற ஊர்களில் அவ்வச்சம் பொருளற்றதன்று. ஆயினும் இவ்வட்டாரத்தின் வரலாற்றைப் புரட்டினால் வேறொரு சித்திரமும் கிடைக்கிறது. அங்கே அந்நியன் இல்லை. மஞ்சள் பூசி, மாலை சூட்டி, மேளம் முழங்க, உற்றார் கூடி நின்று குழந்தையைக் கையளிக்கின்றனர். இப்பதிவு அந்த இரண்டாவது சித்திரத்தைப் பற்றியது. சற்று நீளமானது, பொறுத்தருள்க.

இம்மண்ணின் தொன்மங்களே இவ்வச்சத்தை அறிந்திருந்தன. திருச்சானூரில் கோயில் கொண்ட பத்மாவதித் தாயார், ஆகாசராசன் உழுத நிலத்தில் தாமரை மலரில் கிடைத்த குழந்தை. கண்டெடுத்தவன் மகளாக வளர்த்தான். அருகிலுள்ள திருப்பதியில் ஆண்டுதோறும் நிகழும் கங்கம்மா ஜாத்திரையின் கதையோ இதற்கு எதிர்முகம். ஊர்ப் பெண்களையெல்லாம் கவர்ந்து சென்ற ஒரு பாளையக்காரனைத் தேடி, நாளுக்கொரு வேடம் பூண்டு அலைந்து, இறுதியில் அவனை வதைக்கிறாள் கங்கம்மா. கிடைத்த குழந்தையை வளர்ப்பவன் ஒருவன். வளர்ந்த பெண்ணைக் கவர்பவன் ஒருவன். ஆவணங்கள் பேசத் தொடங்கும்போது இவ்விருவரையும் பிரித்தறிவது அத்துணை எளிதாக இல்லை.

ஒன்றை முதலிலேயே தெளிவுபடுத்த வேண்டும். கோயில் மகளிர் மரபு முழுவதையும் கடத்தல் என்று ஒரே சொல்லில் அடைப்பது வரலாற்றுக்கு நேர்மையாகாது. திருமலை, திருப்பதிக் கல்வெட்டுகளில், 16ஆம் நூற்றாண்டில் தம் பெயராலேயே அறக்கட்டளைகள் நிறுவிய எம்பெருமானடியாரைக் காண்கிறோம். அவர்கள் சொத்துடையவர்கள், தமிழ்க் கல்வெட்டில் தம் பெயரைப் பொறிக்கச் செய்யும் மதிப்புடையவர்கள். ஆனால் அரசுகள் வீழ்ந்து, ஆதரவு சுருங்கி, மரபு நொடித்த காலத்தில் அதன் சுமை யார் தலையில் விழுந்தது என்பதே நம் வினா. விழுந்தது சிறுமியர் தலையில்.

காரணம் பெரிதும் பொருளியல் சார்ந்தது. கோயிற்பணிக்காக வழங்கப்பட்ட இனாம் நிலம் பணியோடு பிணைக்கப்பட்டிருந்தது. பணி தொடர்ந்தால்தான் நிலம் நிலைக்கும். பணி தொடர வேண்டுமாயின் ஒவ்வொரு தலைமுறையிலும் ஒரு பெண்ணுக்குப் பொட்டுக்கட்ட வேண்டும். பெற்ற மகள் இல்லையெனில் ஒருத்தியைச் சுவீகரிக்க வேண்டும். சுவீகாரம் என்பதோ பல வேளைகளில் வறிய குடும்பத்திலிருந்து விலைக்கு வாங்குதலே. மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் அவ்வாறு பத்து ரூபாய்க்கும் ஒரு பழம்புடவைக்கும் ஒரு தாசியிடம் விற்கப்பட்ட சிறுமி என்பதை அவர் வரலாறு எழுதியோர் குறிப்பர். அவரே பிற்காலத்தில் பொட்டுக்கட்டுதலுக்கு எதிராக ஊர் ஊராகப் பேசி, 1936இல் ‘தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்’ என்னும் நாவலை எழுதினார். இந்நாட்டில் விழிப்புணர்வுப் பரப்புரை என்பதன் முன்னோடிகளுள் ஒருவர், விற்கப்பட்ட குழந்தையே.

சட்டம் இல்லாமலில்லை. 1860ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 372, 373ஆம் பிரிவுகள், விபசாரத்திற்காகச் சிறுவயதினரை விற்பதையும் வாங்குவதையும் குற்றமாக்கியிருந்தன. ஆனால் வழக்குமன்றத்தில் எழும் வினாக்களைப் பாருங்கள்: இது விற்பனையா, சுவீகாரமா? இது தொழிலா, சடங்கா? விற்றவரும் வாங்கியவரும் சாட்சிகளும் ஒரே பந்தலில் நின்றவர்களாக இருக்கும்போது குழந்தையின் சார்பில் யார் பேசுவது?

இம்முடிச்சின் மையத்தைத் தொட்டவர் மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டி. சென்னைச் சட்டமன்றத்தின் துணைத்தலைவராக இருந்த அவர், 1927இல் பொட்டுக்கட்டுதலை ஒழிக்கக் கோரும் தீர்மானத்தை முன்மொழிந்தார். அவர் முயற்சியால் 1929இல் வந்த சட்டத்திருத்தம் என் மதிப்பீட்டில் பின்னர் வந்த தடைச்சட்டத்தினும் கூர்மையானது. அது எவரையும் சிறையிலிடவில்லை. இனாம் நிலத்தைக் கோயிற்பணியிலிருந்து விடுவித்து, அதை அனுபவித்து வந்த பெண்களுக்கே உரிமையாக்கியது. இனி நிலத்தைக் காக்க ஒரு சிறுமியைத் தர வேண்டியதில்லை. தண்டனையின் அச்சத்தைக் காட்டிலும், குழந்தையைத் தருவதில் இருந்த ஆதாயத்தை அறுப்பது வலிது என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

அதே 1928, 1929ஆம் ஆண்டுகளில் அவர், இந்தியக் கல்வி நிலையை ஆராய்ந்த ஹார்டாக் குழுவின் உறுப்பினராகவும் இருந்தார் என்பது அதிகம் பேசப்படாத செய்தி. நாடெங்கும் பெண்கல்வியின் இழிநிலையைக் கண்டுவந்தவரும், சட்டமன்றத்தில் பொட்டறுப்புக்கு வாதாடியவரும் ஒருவரே. இவ்விரண்டையும் தனித்தனி அத்தியாயங்களாக எழுதும் நம் வழக்கம் மாற வேண்டும்.

எதிர்ப்பும் இருந்தது. பெங்களூர் நாகரத்தினம்மாள் போன்ற கலைஞர்கள் இம்முயற்சியைத் தம் மரபின் மீதான இழிசொல்லாகக் கண்டனர். ஆயினும் தேவதாசிகள் சங்கத்தார் அரசுக்கு அளித்த முறையீட்டில் ஓர் இடம் கவனிக்கத்தக்கது: தம் பெண்களுக்குக் கல்வி தருமாறு அவர்களும் கோரினர். இரு தரப்பும் மாறுபட்டது சட்டத்தில், உடன்பட்டது கல்வியில்.

பொட்டுக்கட்டுதலை மறுத்து வெளியேறிய சிறுமியர் எங்கே செல்வர்? தேவதாசிக் குடும்பத்துச் சிறுமியர் சிலர் புகலிடம் தேடி முத்துலட்சுமியின் வீட்டு வாயிலுக்கு வந்தபோது அவ்வினா கருத்தளவில் நிற்கவில்லை. அதன் விடையாகவே 1930-31இல் ஔவை இல்லம் தோன்றியது. உணவும் உறைவிடமும் பள்ளிப்படிப்பும் ஒருங்கே தந்தது. காலவரிசையைக் கவனியுங்கள். பொட்டுக்கட்டுதலைத் தடைசெய்யும் முழுமையான சட்டம் சென்னை மாகாணத்தில் 1947இல்தான் நிறைவேறியது. இல்லமும் பள்ளியும் அதற்கு ஏறத்தாழ 17 ஆண்டுகள் முந்தியவை.

அன்று திருச்சானூர் சென்னை மாகாணத்துச் சித்தூர் மாவட்டத்தைச் சேர்ந்தது. ஆகவே 1947ஆம் ஆண்டுச் சட்டம் இங்கும் செல்லுபடியாயிற்று. 1953இல் ஆந்திர மாநிலம் பிறந்தது. 1960இல் படாஸ்கர் தீர்ப்பின்படி திருத்தணி தமிழகத்திற்கு வந்தது. எல்லைக்கோடு வரையப்பட்டது, ஆனால் இருபுறமும் உள்ள அருந்ததியர், மாதிகர் குடியிருப்புகளில் வழங்கிய ஒரு வேண்டுதலை அக்கோடு அறுக்கவில்லை. பெண்குழந்தைக்கு நோய் கடுமையானால், பிழைத்தெழுந்தால் மாத்தம்மாவுக்கே விடுவதாக நேர்ந்துகொள்வர். குழந்தை பிழைத்தால் அம்மன் முன் தாலி கட்டப்படும். அவள் பின்னர் மணம் புரிய இயலாது. திருவிழாக்களில் ஆட வேண்டும். பருவமெய்திய பின் அவளைக் காக்கும் பொறுப்பு எவருக்கும் இல்லை. அவள் பெயரும் அன்றிலிருந்து மாத்தம்மாவே.

பெருங்கோயில் மரபுக்கும் இதற்கும் வேறுபாடு பெரிது. இங்கே இனாம் நிலம் இல்லை, இசைப்பயிற்சி இல்லை, கல்வெட்டும் இல்லை. 1929ஆம் ஆண்டுத் திருத்தம் அறுத்த கயிறு இங்கே கட்டப்படவேயில்லை. இங்கே கட்டியது வேறு கயிறு: மருத்துவம் எட்டாத குடும்பத்தின் அச்சம். 1988இல் ஆந்திர அரசு இயற்றிய தேவதாசித் தடைச்சட்டம் பசவி, ஜோகினி ஆகிய பெயர்களோடு மாத்தம்மாவின் பெயரையும் சேர்த்துக் குறிப்பிட்டது. இருந்தும் 2017இல் திருவள்ளூர், சித்தூர் மாவட்டங்களில் இவ்வழக்கம் தொடர்வதாக எழுந்த புகாரின்மேல் தேசிய மனித உரிமை ஆணையம் இரு மாநில அரசுகளுக்கும் அறிவிக்கை அனுப்ப நேர்ந்தது. முதற் சட்டத்திற்கு 70 ஆண்டுகள் கழித்து!

இதைக் ‘கடத்தல்’ எனலாமா என்று சில நண்பர்கள் கேட்பதுண்டு. 2013இல் திருத்தப்பட்ட தண்டனைச் சட்டத்தின் 370ஆம் பிரிவு, ஒருவரைத் தன் பொறுப்பில் வைத்திருப்பவரின் ஒப்புதலைப் பணமோ ஆதாயமோ தந்து பெற்று, சுரண்டும் நோக்குடன் அவரைக் கொண்டுசெல்வதையும் கையேற்பதையும் ஆள்கடத்தல் என்றே வரையறுத்தது. பாதிக்கப்பட்டவர் இசைந்தார் என்பது வாதமாகாது என்றும் கூறியது. நோய்க்கு அஞ்சி நேர்ந்துகொண்ட தாயைக் கடத்தல்காரி என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் பொட்டுக்கட்டப்பட்டு, பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்டு, பாதுகாப்பின்றி விடப்பட்ட பதின்மூன்று வயதுச் சிறுமியை நகரத்துத் தரகன் அடைவதற்கு எத்துணைத் தொலைவு? அவ்வளவுதான் நடுவில் உள்ள வேறுபாடு.

ஆகவே இவ்வட்டாரத்தில் விழிப்புணர்வு என்பது அந்நியனிடம் எச்சரிக்கையாக இரு என்று குழந்தைக்குச் சொல்வதோடு முடியக்கூடாது. அது சென்று சேர வேண்டிய முதல் இடம், காய்ச்சலில் கிடக்கும் குழந்தையின் அருகில் அமர்ந்திருக்கும் தாய். அடுத்த இடம், வருகைப் பதிவேட்டை வைத்திருக்கும் ஆசிரியர். திருவிழாவுக்குப் பின் ஒரு சிறுமி இரண்டு வாரம் வரவில்லையென்றால், அதைக் காவல்துறையினும் முன்னதாக அறிபவர் அவரே. அறிந்ததைச் சொல்ல 1098 என்னும் எண் உண்டு. கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரையே கட்டாயக் கல்வியை உறுதிசெய்கிறது. இச்சிறுமியருக்கு இடர் மிகுவதோ 14ஐ ஒட்டிய ஆண்டுகளில். 2004இல் தொடங்கிய கஸ்தூரிபா காந்தி உறைவிடப் பள்ளிகள், ஔவை இல்லத்தைப் போலக் கூரையும் கரும்பலகையும் சேர்த்துத் தருவதால், இவ்விடைவெளியில் வெறும் பரப்புரையினும் பயன் மிக்கவை என்பது என் கருத்து.

2020 சனவரி 9 அன்று சித்தூரில் தொடங்கப்பட்ட ‘அம்ம ஒடி’ திட்டம், குழந்தையைப் பள்ளிக்கு அனுப்பும் வறிய தாய்க்கு ஆண்டுக்கு 15,000 ரூபாய் என அறிவித்தது; வருகை 75 விழுக்காடு இருத்தல் வேண்டும் என்பது நிபந்தனையாக இருந்தது. கட்சி அரசியலை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், அது 1929ஆம் ஆண்டின் தர்க்கத்திற்கு உறவானது: அன்று குழந்தையைத் தருவதில் இருந்த ஆதாயம் அறுக்கப்பட்டது, இங்கே வகுப்பறையில் வைத்திருப்பதில் ஆதாயம் சேர்க்கப்பட்டது.

எஞ்சியிருப்பது சிறியதொரு தடை. மாத்தம்மாவாக விடப்பட்ட பெண்ணுக்குப் பிறந்த குழந்தையைப் பள்ளியில் சேர்க்கச் செல்லும்போது, படிவத்தில் தந்தை பெயருக்கான கட்டம் குறுக்கே நிற்கும். அந்த ஒரு கட்டத்தின் நாணத்தால் வாயிலோடு திரும்பும் தாயின் மகள், அடுத்த தலைமுறைப் பொட்டுக்கு மிக அருகில் நிற்பவள். 2015 சூலையில் உச்ச நீதிமன்றம், மணமாகாத தாயின் காப்பாளர் உரிமை பற்றிய வழக்கில், பள்ளிச் சேர்க்கை விண்ணப்பத்தில் தந்தை பெயரைக் குறிப்பிடுவது இனித் தேவையில்லை என்பதை எடுத்துரைத்தது; தாய் ஓர் உறுதிமொழிப் பத்திரம் அளித்தால் பிறப்புச் சான்றிதழ் வழங்கப்பட வேண்டும் என்றும் ஆணையிட்டது. எல்லைப்புற ஊர்களில் பணியாற்றும் ஆசிரிய நண்பர்கள் இப்பதிவைப் படிப்பார்களாயின், சேர்க்கைக் காலத்தில் இச்செய்தியைப் பள்ளி அறிவிப்புப் பலகையில் தமிழிலும் தெலுங்கிலும் எழுதி வைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.