பைலா: இரு சமூகங்கள் பிரியாத சைப்ரஸ் கிராமம்

சஹாபியப் பெண்மணி உம்மு ஹராம் (ரலி) அவர்கள் வஃபாத்தான தீவாக சைப்ரஸை நாம் அறிவோம். அவர்களின் பெயரால் தர்கா அமைந்துள்ள லார்னகா நகரை அடுத்து, பைலா என்ற சிற்றூர் இருக்கிறது.

1571இல் உஸ்மானியர் தீவைக் கைப்பற்றியதிலிருந்து துருக்கிய முஸ்லிம்களும் கிரேக்கக் கிறிஸ்தவர்களும் பல ஊர்களில் கலந்து வாழ்ந்தனர். 1878இல் ஆங்கிலேயர் வந்தனர். 1960இல் விடுதலை கிடைத்தது. 1963 டிசம்பரில் இனக்கலவரம் வெடிக்க, துருக்கியர் பலர் கலப்பு ஊர்களைக் காலி செய்தனர். 1974இல் கிரேக்க ராணுவ அரசு தூண்டிய ஆட்சிக்கவிழ்ப்பும், துருக்கிப் படையெடுப்பும் தீவைப் பிளந்தன. கிரேக்கர் தெற்கே, துருக்கியர் வடக்கே ஒதுங்கினர்.

பைலா ஐ.நா. படை காவல் காக்கும் இடைவலயத்துக்குள் அமைந்தது. அவ்வலயத்தில் இரு சமூகத்தாரும் இன்றும் சேர்ந்து வாழும் ஒரே ஊர் இதுதான். பள்ளிவாசலும் தேவாலயமும் இருக்கின்றன. ஊர்த்தலைவரான முக்தாரும் இருவர். பள்ளிக்கூடங்களும் காபிக் கடைகளும் தனித்தனி.

அமைதி முழுமையானதல்ல. 2023 ஆகஸ்டில், வடக்கிலிருந்து இவ்வூருக்குச் சாலை போடுவதைத் தடுத்த ஐ.நா. வீரர்களைத் துருக்கிய சைப்ரஸ் தரப்பினர் தாக்கினர். இழுபறி மேலே நடந்தாலும், பைலா மக்கள் அண்டை வீட்டாரை விட்டுப் போகவில்லை. அண்டை வீட்டார் உரிமையை வலியுறுத்தும் மார்க்கத்தைச் சேர்ந்த நாம் அறிய வேண்டிய ஊர் இது.