ஜான்சி ராணி படை பிறந்த கதை

விருதுநகர், சிவகாசிப் பக்கமெல்லாம் அப்போது ராமநாதபுரம் மாவட்டம். வானம் பார்த்த பூமி. மழை பொய்த்தால் ஒன்று தீப்பெட்டி ஆபீஸுக்குப் போக வேண்டும். இல்லையென்றால் தோட்டத்துக்கு ஆள் பிடிக்கும் கங்காணி பின்னால் கப்பலேற வேண்டும். அப்படி இங்கிருந்தும் மற்றத் தமிழ் மாவட்டங்களிலிருந்தும் மலாயாவுக்குப் போனவர்களின் பெண்மக்கள் ஒருநாள் துப்பாக்கி தூக்கினார்கள். விருதுநகர் காமராஜர் ‘வெள்ளையனே வெளியேறு’ என்ற ஆகஸ்ட் போராட்டத்துக்காகச் சிறையில் இருந்த காலம் அது.

1943 ஜூலை 2 அன்று, இந்திய தேசிய ராணுவத்துக்குத் தலைமையேற்க, சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூர் வந்தார். ஒரு வாரத்தில், பாடாங் திடலில் கூடிய பெருங்கூட்டத்தின் முன், பெண்களுக்கென்று ஒரு படை வேண்டும் என்றார். சொன்னது போஸ், செய்து காட்டியது லட்சுமி சுவாமிநாதன். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து, 1940இல் சிங்கப்பூர் வந்து ஏழைகளுக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்த டாக்டர். ஜூலை 12 அன்று பெண்கள் கூட்டத்துக்கு வரும் போஸுக்கு அணிவகுப்பு மரியாதை தர வேண்டும் என்று யோசனை வந்தது. வீடு வீடாகப் போய் 20 பெண்களைத் தேற்றினார் லட்சுமி. துப்பாக்கிகள் இரவல். அந்தக் கனமான .303 ரைஃபிளைத் தோளுக்கு ஏற்றிப் பழகவே பெரும்பாடு. ஆனாலும் குறித்த நாளில் சேலை கட்டிய 20 பேரும் அசையாமல் நின்றார்கள். என்னைக் கேட்டால் ஜான்சி ராணி படையின் பிறந்தநாள் அதுதான். அக்டோபர் 22 அன்று வாட்டர்லூ தெருவில் பயிற்சி முகாம் திறந்ததெல்லாம் அரசாங்கக் கணக்கு. பெண்கள் போருக்கு உதவுவார்கள் என்ற நம்பிக்கை, சிங்கப்பூரையும் மலாயாவையும் அப்போது பிடித்து வைத்திருந்த ஜப்பானியருக்கு இல்லை. போஸ் விடவில்லை.

கோலாலம்பூரில் போஸ் பேசியதைக் கேட்ட ஜானகிக்கு வயது 18. வசதியான தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை. காதில் கிடந்த தோட்டைக் கழற்றிப் போஸின் போராட்ட நிதிக்குக் கொடுத்துவிட்டு வந்தார். படையில் சேருவேன் என்றதும் அப்பா குதித்தார், மகள் மசியவில்லை, கடைசியில் அப்பாதான் இறங்கிவந்தார். ஜானகியோடு சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் ரப்பர் தோட்டத்துப் பெண்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் உண்டு. விடிகாலையில் கொடியேற்றம், உடற்பயிற்சி, பிறகு ஆயுதப் பயிற்சி. அதிகாரியின் மகளும் பால்மரம் வெட்டியவளும் ஒரே கொட்டகையில் படுத்தார்கள். தொழிலாளியின் லைன் வீடும் அதிகாரியின் பங்களாவும் தனித்தனியாகக் கிடந்த மலாயாவில் இது சின்ன விஷயமல்ல.

பர்மாவரை போனார்கள். இந்திய எல்லையில் இம்பால் முற்றுகை தோற்றதால் போர்முனைக்குப் போகவில்லை; காயம்பட்டவர்களைப் பார்த்துக்கொண்டார்கள். 1945 ஏப்ரல் கடைசியில் ரங்கூனைக் கைவிட்டபோது, படையின் துணைத் தலைவியாக இருந்த ஜானகி பெண்களை அழைத்துக்கொண்டு போஸுடன் பின்வாங்கினார். தலைக்கு மேலே விமானம், கால் புதையும் சேறு, இருட்டில் நடை. போரில் அந்தப் படை என்ன சாதித்தது என்று கேட்பவர்கள் அந்த நடையைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

சிவில் வாழ்க்கைக்குத் திரும்பிய ஜானகி சும்மா இருக்கவில்லை. 1946 ஆகஸ்டில் வழக்கறிஞர் ஜான் திவி மலாயா இந்தியர் காங்கிரஸைத் தொடங்கியபோது கூட நின்றார். பத்திரிகை உலகைச் சேர்ந்த ஆதி நாகப்பனை மணந்தார். பின்னாளில் மலேசிய நாடாளுமன்ற மேலவையில் செனட்டராக அமர்ந்தார். 2000இல் இந்தியா பத்மஸ்ரீ கொடுத்தது. 2014 மே மாதம் கோலாலம்பூரில் காலமானார்.

லட்சுமி கான்பூரில் வைத்தியத்துக்குத் திரும்பி, 1971இல் மார்க்சிஸ்ட் கட்சியில் சேர்ந்தார். 2002 குடியரசுத் தலைவர் தேர்தலில் அவரை எதிர்த்து நின்று வென்றவர் ராமேஸ்வரத்து அப்துல் கலாம். அதே பழைய ராமநாதபுரம் மாவட்டத்துக்காரர். லட்சுமியும் ஜானகியும் வரலாற்றில் பெயர் பெற்றார்கள். கூடவே நடந்த தோட்டத்துப் பெண்களில் பலர் சீருடையைக் கழற்றிவிட்டு மறுபடியும் பால்மரம் வெட்டப் போனார்கள்.