எதிரிகளின் எண்ணிக்கையும் கட்டுப்பாட்டின் வலிமையும்: பைன் குருத்துத் துளைப்பானை முன்வைத்து

அயல்நாட்டிலிருந்து புகுந்த பூச்சியை அடக்க, அதன் தாயகத்து எதிரிகளைத் தருவித்து விடுவது பழைய உத்தி. ஓர் எதிரியைவிடப் பல எதிரிகள் மேல் என்ற எண்ணமும் அதனுடன் சேர்ந்தே வளர்ந்தது. ஐரோப்பியப் பைன் குருத்துத் துளைப்பானின் (ரயாசியோனியா புயோலியானா) வரலாறு இவ்வெண்ணத்துக்கு இடம் தரவில்லை என்பதே இக்கட்டுரையின் வாதம்.

1775இல் டெனிஸும் ஷிஃபர்முல்லரும் விவரித்த இந்த அந்துப்பூச்சியின் இறக்கை விரிப்பு ஏறத்தாழ 2 செ.மீ. ஆண்டுக்கு ஒரு தலைமுறை. கோடையில் பொரிக்கும் புழு முதலில் ஊசியிலையின் அடியைத் துளைக்கும். பிறகு மொட்டுக்குள் புகுந்து, பிசின் தோய்ந்த நூற்கூட்டின் மறைவில் குளிர்காலத்தைக் கழிக்கும். இளவேனிலில் நீளத் தொடங்கும் குருத்துகளைக் குடையும். இதனால் மரம் பெரும்பாலும் சாவதில்லை. நுனிக்குருத்து மடிய, பக்கக் குருத்து மேலெழுந்து, அடிமரம் கோணலாகவோ கவையாகவோ வளர்கிறது. நேரான மரத்துக்காகவே நடப்பட்ட தோட்டத்தில் இதுவே பேரிழப்பு. வாழ்நாளின் பெரும்பகுதியைப் புழு மொட்டுக்குள்ளேயே கழிப்பதால் மருந்துத் தெளிப்பும் எளிதில் எட்டுவதில்லை. எனவே ஒட்டுண்ணிக் குளவிகள் நாடப்பட்டன.

1914இல் நியூயார்க்கின் லாங் தீவிலும் 1925இல் கனடாவிலும் இப்பூச்சி கண்டறியப்பட்டது. தெற்கு ஒன்டாரியோவின் சிவப்புப் பைன் தோட்டங்கள் கடுமையாகப் பாதிக்கப்பட்டன. அங்கு நிலைத்த ஐரோப்பியக் குளவிகளில் ஆர்கிலஸ் ஆப்ஸ்குரேட்டர், டெமெலூக்கா இன்டரப்டர் ஆகிய இரண்டும் இவ்வாதத்துக்கு முக்கியமானவை. ஆர்தரும் உடன் ஆய்வாளர்களும் 1964இல் வெளியிட்ட ஆய்வு இவற்றின் உறவை வெளிப்படுத்தியது. புழுவைத் தேடிக் கண்டுபிடிப்பதில் ஆர்கிலஸ் வல்லது. டெமெலூக்காவோ ஆர்கிலஸ் முட்டையிட்ட புழுவையே நாடிச் சென்று தானும் முட்டையிடுகிறது. ஒரே புழுவினுள் இரண்டும் வளர நேர்ந்தால் டெமெலூக்காவின் இளம்புழு மற்றதைக் கொன்றுவிடும்.

எந்தக் குளவி வென்றாலும் புழு சாகத்தானே செய்கிறது என்று கேட்கலாம். அந்த ஆண்டுக்கு அது உண்மை. ஆனால் ஒருமுறை சாக வேண்டிய புழுவை இரண்டு குளவிகள் பங்கிடுவதால் கட்டுப்பாடு கூடுவதில்லை. தேடுவதில் தேர்ந்த ஆர்கிலஸின் அடுத்த தலைமுறைதான் குறைகிறது. இழப்பு மறு ஆண்டின் கணக்கில் விழுகிறது.

சிலியின் அனுபவம் இதற்கு மறுபக்கம். 1985இல் அங்கே தென்பட்ட இப்பூச்சி, பரந்த ரேடியாட்டா பைன் தோட்டங்களை அச்சுறுத்தியது. டெமெலூக்காவைத் தவிர்த்து ஆர்கிலஸ் மட்டும் கொண்டுவரப்பட்டது. அது நிலைத்துப் பரவி, முதன்மையான கட்டுப்பாட்டுக் காரணியானது. தட்பவெப்பமும் மரவகையும் வேறு என்பதால் சிலியையும் ஒன்டாரியோவையும் நேருக்குநேர் ஒப்பிட முடியாது என்ற மறுப்பு நியாயமானதே. அதனால் சிலி ஒன்றே போதிய சான்றாகாது. எனினும் ஆய்வில் கண்ட உட்பகையும் களத்தில் கண்ட வெற்றியும் ஒரே திசையைக் காட்டுகின்றன.

குளவியின் வலிமை அதன் இயல்பால் மட்டும் அமைவதுமில்லை. வளர்ந்த ஆர்கிலஸுக்குப் பூந்தேன் உணவு. காட்டுக் கேரட் போன்ற பூக்கள் அதன் ஆயுளை நீட்டுவதை ஒன்டாரியோ ஆய்வுகள் காட்டின. களையென்று அவற்றை அடியோடு அழித்த தோட்டம், தான் தருவித்த காவலையே பட்டினி போடுகிறது.

ஆகவே புதிய எதிரியை விடுவிக்குமுன் அது எத்தனை புழுக்களைக் கொல்லும் என்று மட்டும் கேட்பது போதாது. ஏற்கெனவே உள்ள எதிரியின் வாரிசை அது எவ்வளவு குறைக்கும் என்பதும் சோதிக்கப்பட வேண்டும். அச்சோதனையில் தேறாத குளவியை விடாமல் இருப்பதும் உயிரியல் கட்டுப்பாட்டின் ஒரு பகுதியே.