நம் நீலத்துணி போய்ச் சேர்ந்த தீவு

புதுவையில் நான் பிரெஞ்சு வழியில் படித்த காலம். பூகோள வகுப்பில் எங்கள் முசியே ஆப்பிரிக்க ஆறுகளை ஒப்பிக்கச் சொல்வார். செனெகால் ஆறு கடலைத் தொடும் இடத்தில் சேன் லூயி என்றொரு தீவு. நீளம் சுமார் 2 கிலோமீட்டர். 1659-இல் பிரெஞ்சுக்காரர் அங்கே குடியேறினார்கள். பாடம் அவ்வளவுதான்.

பின்னாளில் அரசு அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்தபோது, பழைய காகிதக் கட்டு ஒன்றில் 'கினே' என்ற சொல்லைப் பார்த்தேன். கினி நாடு என்று நினைத்தேன். எதிர் மேசைப் பெரியவர் சிரித்துவிட்டார். "தம்பி, அது நாடில்லை. துணி. நம்ம ஊர் நீலத்துணி!"

அதன் பிறகுதான் தேடிப் படித்தேன். பாலைவன ஓரத்து வேல மரங்களில் வடியும் பிசினை ஐரோப்பியத் துணி ஆலைகள் விரும்பி வாங்கின. அதைக் கொண்டுவந்த மூர் வணிகர்கள் விலையாகக் கேட்டது புதுவைப் பக்கம் நெய்து, அவுரியில் தோய்த்த நீலத்துணியை. 19ஆம் நூற்றாண்டில் அந்த ஆற்றங்கரையில் அதுவே பணம் போலப் புழங்கியது. ஐரோப்பாவில் போலித் துணி செய்து அனுப்பியும், நம் துணியைத்தான் அவர்கள் பெரிதும் விரும்பினார்களாம். பிறகு நம் ஊர் சவானா ஆலையும் இதே துணியை நெய்தது.

அந்தத் தீவில் 'சிஞாரே' என்ற செல்வப் பெண்கள் பெரிய வணிகம் நடத்தினார்கள். நள்ளிரவுப் பூசைக்கு அவர்கள் போகையில் முன்னால் விளக்கேந்திப் போவார்கள். அதிலிருந்து வந்ததுதான் ஆண்டுக் கடைசியில் நடக்கும் 'ஃபனால்' விளக்குத் திருவிழா என்கிறார்கள். விளக்கேந்தியவர்கள் அடிமைகள் என்பதையும் மறக்கக் கூடாது. 1848-இல்தான் அடிமை முறை ஒழிந்தது.

உள்முற்றம், மாடத் தாழ்வாரம், மஞ்சள் சுவர் என்று அங்குள்ள வீடுகளின் படங்களைப் பார்த்தால் நம் வெள்ளைக்காரத் தெருக்கள்தான் நினைவுக்கு வரும். 1897-இல் திறந்த இரும்புப் பாலம் இன்றும் நிற்கிறது. 2000-இல் யுனெஸ்கோ அந்தத் தீவை உலகப் பாரம்பரியச் சின்னமாக்கியது. வெள்ளத்துக்குப் பயந்து 2003-இல் அருகிலுள்ள மணல்திட்டில் 4 மீட்டர் அகலத்துக்கு ஒரு கால்வாய் வெட்டினார்கள். கடல் அதைக் கிலோமீட்டர் கணக்கில் விரித்து, மீனவர் ஊர்களை விழுங்கிவிட்டது.

கவர்னர்களின் பெயரெல்லாம் எனக்கு மனப்பாடம். அவுரித் தொட்டியில் கை நீலமாகிப்போன ஒருவரின் பெயர்கூடத் தெரியாது. உங்கள் வீட்டில் நெசவோ சாயமோ தொழிலாக இருந்திருந்தால், பெரியவர்களின் பெயர்களைக் கேட்டு எழுதி வையுங்கள். நாம் விட்டுவிட்டால் வேறு யார் எழுதப் போகிறார்கள்?